குரங்குகளின் ஜாதி விசாரணை

சேர்வராயன் மலையில் செம்மநத்தத்திலிருந்து நமது தோழர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்துக் கோவில் திண்ணையில் சுந்தரகாண்டப் பிரசங்கம் செய்ய வந்த ஒருவர், எதிரே மரக்கிளையில் உட்கார்ந்திருந்த குரங்கைக் கையால் காட்டி, "இதோ சுயமரியாதைக்காரர்களின் பாட்டனார் எழுந்தருளியிருக்கிறார்" என்று சொல்ல, கூட்டம் கைகொட்டிச் சிரித்ததாம். பிறகு அவர், "மனிதன் குரங்கிலிருந்து வந்தது மெய்யானால் இந்தக் குரங்குகள் மாத்திரம் ஏன் இன்னும் குரங்குகளாகவே இருக்கின்றன? எந்தக் குரங்காவது வாலை உதிர்த்துவிட்டு வேட்டி கட்டிக்கொண்டதை யாராவது கண்ணால் கண்டதுண்டா?" என்று கேட்டாராம். இதற்கு என்ன பதில் சொல்லுவது என்று தோழர் கேட்கிறார்.

பதில் சொல்லத் தடையில்லை. ஆனால் அதற்கு முன் பிரசங்கியாரை நாம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கின்றது. அன்று அவர் பிரசங்கம் செய்தது யாரைப் பற்றி? வாலில் நெருப்பு வைத்துக்கொண்டு இலங்கையைக் கொளுத்திய ஒரு குரங்கைப் பற்றி. பிரசங்கம் முடிந்ததும் கற்பூரம் காட்டியது எதற்கு? குரங்கு முகம் செதுக்கிய ஒரு கல்லுக்கு. தட்டில் காசு விழுந்தது யார் பேரால்? அதே குரங்கின் பேரால். குரங்கைக் கடவுள் என்று கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வது கௌரவம். குரங்கு நமக்குத் தூரத்துப் பங்காளி என்று விஞ்ஞானி சொன்னால் அது அவமானம்! இது எந்த ஊர் நியாயம் என்று கேட்கின்றோம். தென்னாட்டு ஜனங்களைக் குரங்குகளாகவும் ராட்சதர்களாகவும் எழுதி வைத்த புராணத்தைத் தலைமேல் தூக்கி வைத்துக் கூத்தாடுகிறவர்களுக்கு டார்வின் பேரைக் கேட்டவுடன் மாத்திரம் ரோஷம் பொத்துக்கொண்டு வருவது ஏன்?

இந்தக் கேள்வி மலைக்கோவில் திண்ணையில் மாத்திரம் பிறந்ததென்று எண்ண வேண்டாம். 2018 ஜனவரியில், டில்லி சர்க்காரில் கல்வி இலாகா ராஜாங்க மந்திரியாயிருந்த சத்யபால் சிங் என்பவர், டார்வின் கொள்கை விஞ்ஞான ரீதியாகத் தப்பு, குரங்கு மனிதனானதைப் பார்த்ததாக நம் முன்னோர்களில் ஒருவரும் எழுதவுமில்லை, சொல்லவுமில்லை, ஆகையால் பள்ளிக்கூடப் பாடத்தை மாற்ற வேண்டும் என்பதாகப் பேசினார். நாட்டின் மூன்று விஞ்ஞான அகாடமிகளும் ஒன்றுசேர்ந்து அதை மறுத்து அறிக்கை விட்டன. அதோடு போயிற்றா? என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதி, பிள்ளைகளுக்குப் பாடச் சுமையைக் குறைக்கிறோம் என்ற பேரால் எடுக்கப்பட்டுவிட்டது. 2023 ஏப்ரலில் 1,800க்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் உபாத்தியாயர்களும் கையொப்பமிட்டுக் கண்டனக் கடிதம் வெளியிட்டார்கள். திண்ணைப் பிரசங்கியும் டில்லி மந்திரியும் ஒரே பாட்டைப் பாடும்போது, அதை வெறும் அறியாமை என்று தள்ளிவிட நாம் தயாராயில்லை.

இனி, கேட்ட கேள்விக்கு வருவோம். இன்றைக்கு மரத்தில் உட்கார்ந்திருக்கும் குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்று எந்த விஞ்ஞானியும் சொல்லவில்லை. அதற்கும் நமக்கும் முன்னொரு காலத்தில் பொதுவான மூதாதை ஒன்று இருந்தது என்றுதான் சொல்லுகிறார்கள். இந்தக் கணக்கைச் சேர்வராயன் மலைத் தோழர்களுக்கு நாம் விளக்க வேண்டிய அவசியமே இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து மூன்று சகோதரர்கள் புறப்பட்டு, ஒருவர் சேர்வராயன் மலைக்கும், ஒருவர் கொல்லிமலைக்கும், ஒருவர் பச்சைமலைக்கும் போய்க் குடியேறினார்கள் என்று மலையாளிகள் எனப்படும் அம்மலைவாசிகளிடையே ஒரு கதை வழங்கி வருகின்றது. கதை மெய்யோ பொய்யோ, அதில் உள்ள கணக்கு சரியான கணக்கு. கொல்லிமலைக்காரர் சேர்வராயன் மலைக்காரருக்குப் பங்காளி ஆவாரே ஒழியப் பாட்டன் ஆகமாட்டார். "நீ கொல்லிமலைக்காரனுக்கு உறவென்றால் அவன் ஏன் இன்னும் கொல்லிமலையிலேயே இருக்கிறான்?" என்று எவனாவது கேட்டால் அவனைப் பார்த்துச் சிரிக்கமாட்டோமா? பிரசங்கியார் கேட்டது அந்தக் கேள்விதான். அவர் கேட்டபோது ஜனங்கள் சிரித்தது வாஸ்தவம். ஆனால் சிரிக்க வேண்டிய ஆளை மாற்றிச் சிரித்துவிட்டார்கள்.

கண்ணால் கண்டதுண்டா என்கிறார். அவருடைய கொள்ளுப்பாட்டனுக்குப் பாட்டனை அவர் கண்ணால் கண்டதுண்டா? காணாவிட்டாலும் அப்படி ஒருவர் இருந்தார் என்பதற்கு அவருடைய உடம்பே சாட்சி. இப்போது அந்தச் சாட்சியை எழுத்தெழுத்தாக வாசிக்க மனிதன் கற்றுக்கொண்டுவிட்டான். அதுதான் மரபணு ஆராய்ச்சி என்பது.

ஓலைச்சுவடி பிரதி எடுப்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒருவன் பிரதி எடுக்கையில் ஓரிடத்தில் ஓர் எழுத்தைத் தப்பாக எழுதிவிட்டால், அவன் ஓலையைப் பார்த்து எழுதுகிறவனும் அதே தப்பை எழுதுவான். பத்து ஊர்களில் கிடைத்த பத்துச் சுவடிகளை வைத்துக்கொண்டு, எந்தெந்தச் சுவடியில் ஒரே தப்பு இருக்கின்றதோ அவையெல்லாம் ஒரே மூலப்பிரதியிலிருந்து வந்தவை என்று பண்டிதர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். உயிர்களின் உடம்பில் டி.என்.ஏ. என்று ஒரு சுவடி இருக்கின்றது. அதில் நாலே நாலு எழுத்துக்கள். பெற்றோர் சுவடியைப் பார்த்துப் பிள்ளைக்குப் பிரதி எழுதப்படுகிறது. இடையிடையே தப்பு விழுகிறது. விழுந்த தப்பு வம்சம் வம்சமாக இறங்குகிறது. ஒரு சொட்டு இரத்தமோ, ஒரு மயிர்க்காலோ, மரத்தடியில் கிடக்கும் சாணமோ கிடைத்தால் போதும். அதிலிருந்து, தாய் வழியாக மட்டும் இறங்கும் சைட்டோகுரோம்-பி என்னும் ஏட்டை எடுத்துச் சுமார் 1,140 எழுத்துக்களையும் படித்து, இந்தக் குரங்குக்கு எந்தக் குரங்கு பங்காளி என்று சொல்லிவிடலாம். சொன்னவரை நம்ப வேண்டியதில்லை. சந்தேகப்படுகிறவர் வேறொரு குரங்கின் மயிரை எடுத்துத் தானே படித்துப் பார்த்துக்கொள்ளலாம். இதற்கு உபநயனம் வேண்டியதில்லை, குரு தட்சிணையும் இல்லை. வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயம் காய்ச்சி ஊற்றுகிற தண்டனையும் கிடையாது.

ஒரு தப்பை மாத்திரம் இங்கே எடுத்துக் காட்டுவோம். ஏற்காட்டுப் பக்கத்து ஆரஞ்சு பிரசித்தமானது. குரங்கு அதைத் திருடித் தின்கிறது. நாம் காசு கொடுத்து வாங்கித் தின்கிறோம். அதில் உள்ள வைட்டமின் சி நமக்கு வேண்டும். இல்லாவிட்டால் ஈறு வீங்கிப் பல் ஆடும் ஸ்கர்வி வியாதி வரும். ஆடும் நாயும் எலியும் அந்த வைட்டமினைத் தங்கள் உடம்பிலேயே செய்துகொள்கின்றன. மனிதனாலும் முடிவதில்லை, குரங்காலும் முடிவதில்லை. அதைச் செய்வதற்கான ஏடு நம்மிடம் இல்லாமலில்லை. இருக்கின்றது, ஆனால் சிதைந்து கிடக்கின்றது. சிம்பன்சியிடத்திலும் குரங்கினிடத்திலும் அதே ஏடு அதேபோல் சிதைந்து கிடக்கின்றது. கினிப்பன்றி என்று ஒரு பிராணிக்கும் இந்த ஏடு கெட்டுத்தான் போயிருக்கிறது. ஆனால் அது கெட்ட விதம் வேறு. ஒரே சுவடியிலிருந்து பிரதி எடுத்தவர்களுக்கு ஒரே சிதைவு, தனியாகக் கெட்டவனுக்குத் தனிச் சிதைவு! மனிதனைப் பகவான் தனியாக உட்கார்ந்து செய்தார் என்பவர்கள், அந்தப் பகவான் குரங்குச் சுவடியில் இருந்த சிதைவைக்கூட விடாமல் நமக்கு ஏன் பார்த்து எழுதினார் என்பதற்குச் சமாதானம் சொல்லட்டும்.

நிற்க. குரங்குகளுக்குள்ளேயே யார் யாருக்கு உறவு என்று விசாரித்த கதை இன்னும் ருசிகரமானது.

நீலகிரியிலும் ஆனைமலையிலும் சோலைகளில் கருமந்தி இருக்கிறது. உடம்பெல்லாம் கறுப்பு, தலைமயிர் மங்கிய பழுப்பு. இலங்கையில் ஊதாமுக மந்தி என்று ஒன்று உண்டு. இவ்விரண்டின் தோற்றத்தையும் பார்த்து, இவை பர்மா, மலேயா, ஜாவா தேசத்து இலைதின்னி மந்திகளின் கூட்டம் என்று பல புத்தகங்களில் எழுதி வைத்திருந்தார்கள். ஊர் ஊராய்த் திரியும் சாம்பல் மந்தி, அதாவது அனுமார் என்று ஜனங்கள் கும்பிடுகிற கருமுகக் குரங்கு, வேறு கூட்டம் என்று இருந்தது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் பிரவீண் கரந்த், ஐதராபாத்தின் லால்ஜி சிங், அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் ஆக நால்வர் சேர்ந்து சுவடியை வாசித்து 2008ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். கருமந்தியும் ஊதாமுக மந்தியும் மலேயாக்காரருக்கு உறவல்ல, இங்கேயே இருக்கும் சாம்பல் மந்திக்குத்தான் பங்காளிகள் என்று தெரிந்துபோயிற்று. நிறத்தைப் பார்த்துக் குலம் சொன்னது பொய்யாய்ப் போயிற்று. மலையாளி என்ற பேரைக் கேட்டவுடன், தமிழ் பேசும் சேர்வராயன் மலைவாசியைக் கேரளத்துக்காரர் என்று நினைத்துக்கொள்ளும் பட்டணவாசிகளுடைய ஏமாற்றம் போன்றதுதான் இதுவும்.

எல்லாத் தோற்றமும் பொய் என்று நாம் சொல்லவில்லை. விலங்கியல் ஆய்வுத்துறைக்குத் தலைவராயிருந்த ரூன்வால் என்பவர் சாம்பல் மந்திகளின் வாலைக் கவனித்து எழுதினார். வடக்கத்தி மந்தி நடக்கும்போது வாலை முன்பக்கமாகத் தலையை நோக்கி வளைக்கும்; தெற்கத்தி மந்தி பின்பக்கமாக வளைக்கும். (நாமத்தில் வடகலை தென்கலை என்று கோர்ட்டு வரை போனவர்கள், வாலிலும் வடகலை தென்கலை உண்டென்று தெரிந்து சந்தோஷப்படலாம்.) மரபணுவைப் படித்தபோது வடக்கும் தெற்கும் இரண்டு தனிக் கிளைகள் என்றே வந்தது. வால் சொன்னது நின்றது, நிறம் சொன்னது விழுந்தது. எது நிற்கும், எது விழும் என்பதைச் சோதனை தீர்த்துவைத்தது, பீடாதிபதி தீர்க்கவில்லை.

"பார்த்தீர்களா, உங்கள் விஞ்ஞானம் நேற்று ஒன்று சொல்லும், இன்று ஒன்று சொல்லும், எங்கள் சாஸ்திரமோ என்றைக்கும் மாறாது" என்று இதற்குள் ஒருவர் குறுக்கிடுவார். ஆம் ஐயா, மாறாது. சூத்திர ஆணுக்கும் பார்ப்பனப் பெண்ணுக்கும் பிறந்த பிள்ளை சண்டாளன் என்று மனுவின் பத்தாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறது, அது மாறவேயில்லை. எந்தச் சோதனையில் கண்டு எழுதினார்கள்? யாருடைய இரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள்? ஒரு கருமந்தியைத் தப்பான கூட்டத்தில் வைத்துவிட்டோம் என்று தெரிந்தவுடன் விஞ்ஞானிகள் புத்தகத்தைத் திருத்துகிறார்கள். கோடிக்கணக்கான மனிதர்களைத் தப்பான கூட்டத்தில் வைத்து ஊருக்கு வெளியே தள்ளியவர்கள் ஓர் எழுத்தையும் திருத்தமாட்டோம் என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளுகிறார்கள்!

ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே பஸ்ஸையும் காரையும் பார்த்துக் கைநீட்டும் நாட்டுக் குரங்கைப் பாருங்கள். இதே தமிழ்நாட்டில் ஆனைமலைச் சோலைகளில் இருக்கும் சிங்கவால் குரங்கு இதற்கு அடுத்த வீட்டுக்காரன்தானே, நெருங்கிய சொந்தமாயிருக்கும் என்று எண்ணுவோம். இல்லை. சிங்கவால் குரங்கின் நெருங்கிய சுற்றம் சுமத்ராவிலும் சுலவேசித் தீவிலும் இருக்கிறது. நாட்டுக் குரங்கின் சுற்றம் இலங்கையிலும், அஸ்ஸாமிலும், திபெத்துப் பக்கத்திலும், 2005இல் விஞ்ஞானிகள் புதிதாக எழுதி வைத்த அருணாசலக் குரங்கிலும் இருக்கிறது. பார்வைக்கு இதற்கு அண்ணன் தம்பிபோலத் தோன்றுகிற வடநாட்டு ரீசஸ் குரங்கோ வேறு கிளை. அந்த ரீசஸ் குரங்கு தக்காணத்தில் மெல்லத் தெற்கே இறங்கி நாட்டுக் குரங்கின் இடத்தைப் பிடித்து வருகிறது என்று 2011இல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். நம்முடைய நாட்டுக் குரங்கு தென்னிந்தியாவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அழியத்தக்க நிலையில் உள்ளதாக உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டும் இருக்கிறது. அனுமார் என்று சொல்லி ரோட்டில் வாழைப்பழம் எறிந்து அதை லாரிச் சக்கரத்துக்கு இழுத்துவிடும் பக்தர்களுக்கு இதெல்லாம் தெரியாது. குரங்கு குரங்குதானே, ஓரிடத்தில் பிடித்து வேறெங்காவது விட்டுவிட்டால் ஆயிற்று என்று எண்ணுகிற உத்தியோகஸ்தர்களும் இதைக் கொஞ்சம் படிப்பது நல்லது.

இனிச் சொல்லப்போவதுதான் சனாதனிகளுக்கு முக்கியமாய்க் கசக்கக்கூடியது. அஸ்ஸாமில் பொன்மந்தி என்று ஓர் அழகான குரங்கு இருக்கிறது. அதற்கு நெருங்கிய பங்காளி தொப்பி மந்தி. இவற்றின் குலத்தை விசாரித்தபோது ஆராய்ச்சியாளர்களே திகைத்தார்கள். தாய்வழி ஏட்டைப் படித்தால் இந்தியச் சாம்பல் மந்திக் கூட்டம் என்று வந்தது. மற்ற ஏடுகளைப் படித்தால் மலேயாப் பக்கத்து மந்திக் கூட்டம் என்று வந்தது. அதாவது முன்னொரு காலத்தில் இரண்டு கூட்டங்களும் கலந்திருக்கின்றன என்பதே இதற்குப் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் விளக்கம். கீதையின் முதல் அத்தியாயத்தில் அர்ஜுனன் பயந்து நடுங்கினானே, அந்த வருண சங்கரம் இதுதான். அது நடந்தால் குலம் நாசமாகும், பித்ருக்கள் நரகத்தில் விழுவார்கள் என்று அங்கே எழுதியிருக்கிறது. பொன்மந்தியின் பித்ருக்கள் எங்கே விழுந்தார்களோ நமக்குத் தெரியாது. மந்தி மட்டும் மினுமினுக்கும் பொன்னிற மயிரோடு காட்டில் தாவிக்கொண்டிருக்கிறது.

குரங்குச் சுவடியை வாசித்த அதே முறையில் மனிதச் சுவடியையும் வாசித்தார்கள். அதே லால்ஜி சிங்கும், அதே ஐதராபாத் நிலையத்தின் தங்கராஜும், அமெரிக்காவின் டேவிட் ரைக் முதலியோரும் சேர்ந்து 2009இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். இந்தியப் பெருநிலத்தில் பார்ப்பனர் முதல் மலைவாசி வரை ஏறக்குறைய எல்லாரும் இரண்டு பழைய மூதாதைக் கூட்டங்களின் கலப்பு. கலப்பில் விகிதம் ஏறும், இறங்கும், அவ்வளவே. 2013இல் 73 கூட்டத்தாரைச் சோதித்து, இந்தக் கலப்பு இற்றைக்குச் சுமார் 4,200 ஆண்டு முதல் 1,900 ஆண்டு வரைக்கும் நடந்தது, அதன் பிறகே அவரவர் கூட்டத்துக்குள் அடைத்துக்கொண்டார்கள் என்று கண்டார்கள். பிரம்மாவின் முகத்திலிருந்து ஒருவன், காலிலிருந்து ஒருவன் என்று தனித்தனியாகப் பிறந்தவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் ஒருவரோடொருவர் பிள்ளை பெற்றுக்கொண்டிருந்தார்களா? முன்னே கலந்திருந்தவர்களைப் பின்னே பிரித்து வேலி போட்டார்கள் என்று உடம்பே சாட்சி சொல்லும்போது, ஜாதி அநாதி என்பது எவ்வளவு பெரிய பித்தலாட்டம்! நம்மவர்களிலும் சிலர் சுத்தத் திராவிட இரத்தம் என்று மேடையில் முழங்குவதைக் கேட்டிருக்கிறோம். அவர்களும் இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரத்தம் சுத்தமாயிருக்கிறதென்று நாம் சுயமரியாதை கேட்கவில்லை.

வேலி போட்டதன் பலன் என்ன ஆயிற்று? 2017இல் தெற்காசியாவில் 263 கூட்டங்களைப் பரிசீலித்ததில், 81 கூட்டங்கள் மிகச் சில முன்னோரிடமிருந்து பெருகி, உள்ளுக்குள்ளேயே கொண்டு கொடுத்து வந்தவை என்று கண்டார்கள். இத்தகைய கூட்டங்களில் தாயிடமும் தகப்பனிடமும் மறைந்து கிடக்கும் ஒரே தப்பு பிள்ளையிடத்தில் ஒன்றுசேர்ந்து பரம்பரை வியாதியாக வெளிப்பட அதிக இடமுண்டு. அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைகிற தாயிடம், இது பூர்வ ஜன்ம வினை, பரிகாரம் செய் என்று தட்சிணை வாங்குகிறவனும், ஜாதி விட்டு ஜாதி கல்யாணம் செய்தால் குலம் கெடும் என்று மிரட்டுகிறவனும் ஒரே ஆள்தான். ஜாதிவிட்டுக் கல்யாணம் செய்துகொண்ட பெண்ணையும் பிள்ளையையும் வெட்டிப் போடுகிற ஊர்கள் இந்த நாட்டில் இருக்கின்றன. எந்தச் சுவடியைக் காப்பாற்ற அந்த அரிவாள்?

பரிணாமப் பாடத்தை ஏன் எடுத்தார்கள் என்பது இப்போது விளங்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளை குரங்கின் குலத்தை விசாரிக்கக் கற்றுக்கொண்டால் மறுநாள் தன் ஜாதியை விசாரிக்கும், "அப்பா, நம்மைத் தாழ்ந்தவர் என்று எதில் எழுதியிருக்கிறது, யார் சோதித்தார்கள்?" என்று கேட்கும். தமிழ்நாட்டில் 2019இல் வந்த பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் மரபியலும் உயிரின் பரிணாமமும் பாடங்களாகவே இருந்தன. ஆனால் புத்தகத்தில் இருப்பது வேறு, வகுப்பில் நடத்துவது வேறு. "இது பரீட்சைக்கு அவ்வளவாக வராது, தாண்டிவிடு" என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிற உபாத்தியாயர்கள் இருக்கிறார்கள். அந்தப் பாடத்தை நடத்திவிட்டு, "இதெல்லாம் ஒரு அபிப்பிராயந்தான்" என்று விபூதியைத் தடவிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். செம்மநத்தத்துத் தோழர்களும் மற்ற ஊர்த் தோழர்களும், பள்ளிக்கூடத்துக்குப் போய் அந்த இரண்டு பாடங்களும் நடத்தப்பட்டனவா, எத்தனை நாள் நடத்தப்பட்டன என்று உபாத்தியாயரை மரியாதையாகக் கேட்க வேண்டும். நடத்தவில்லை என்றால் பெற்றோர் பத்துப் பேர் கையொப்பமிட்டுத் தலைமை ஆசிரியரிடம் மனுக் கொடுக்க வேண்டும். கிராமசபைக் கூட்டத்திலும் இதைக் கேட்கலாம்; ரோடும் தண்ணீரும் கேட்கிற இடத்தில் பிள்ளைகளின் படிப்பைக் கேட்கக்கூடாது என்று சட்டமில்லை.